ஏடும் ஏரும்

மனிதன் கற்ற கல்விகளுள் மிகப் பழையன இரண்டு. ஒன்று மொழி; மற்றொன்று உழவு. மொழியை வளர்க்கப் பள்ளிகள் தோன்றின; நூல்கள் எழுந்தன. உழவுக்கோ நெடுங்காலம் வயலே பள்ளியாக இருந்தது. தந்தை முன்னே ஏர் பிடித்துச் செல்ல, மகன் பின்னே விதை தூவிச் சென்றான். தாய் களை பறிக்க, மகள் அருகிருந்து களை எது, பயிர் எது எனக் கண்டறிந்தாள். எந்த முகில் மழை தரும், எந்த மண்ணுக்கு எந்த விதை பொருந்தும், எந்தத் தழை விரைவில் மட்கும் என்பனவற்றையெல்லாம் அவர்கள் எழுத்தின் துணையின்றியே கற்றனர்.

அந்தக் கல்வித் தொடர் இன்று அறுந்து வருகின்றது. சிற்றூரில் பிறந்த சிறுவனும் சிறுமியும் காலையில் பள்ளிக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றனர். இது வருந்தத்தக்கது அன்று, மகிழத்தக்கதே ஆகும். குழந்தைகள் அனைவரும் பள்ளி செல்லல் வேண்டும் என்பதற்காக நம் நாட்டில் பெரியோர் பலர் அரும்பாடுபட்டனர். ஆயினும், வயலில் கற்ற கல்வி நின்றுபோயிற்று. பள்ளியில் அதற்குரிய இடமும் இன்னும் செவ்வனே அமையவில்லை. தாய்வீட்டை விட்டுப் புறப்பட்டுப் புகுந்த வீட்டை அடையாமல் நடுவழியில் நிற்கும் ஒருத்தியைப் போல உழவுக் கல்வி இன்று நிற்கின்றது. ஆதலின், நிலவளமும் நீர்வளமும் கெடாமல் நெடுங்காலம் பயன் தரும் நிலைத்த வேளாண்மையை உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவரும் கற்றல் வேண்டும். அதனையும் ஏட்டளவில் நில்லாது, மண்ணில் நின்று, அளந்தும் எண்ணியும் கற்றல் வேண்டும் என்பது என் கருத்து.

நிலைத்த வேளாண்மை என்பது யாது? ஒரு குடும்பத்தின் முதலாகிய பொருள் குறையாமல், அதனால் வரும் ஊதியத்தைக் கொண்டே வாழ்பவன் நல்ல குடும்பத்தலைவன். முதலையே எடுத்து உண்பவன் சில நாள் செல்வனாகத் தோன்றுவான், பின்னர் வறியவனாவான். நிலத்தின் வளமும், நிலத்தடி நீரும், விதையும், பயிருக்கு உதவும் சிற்றுயிர்களும் உழவனுடைய முதல் ஆகும். விளைச்சல் அம்முதலிலிருந்து வரும் ஊதியம். முதல் கெடாமல் ஊதியம் பெறும் முறையே நிலைத்த வேளாண்மை. ஐக்கிய நாடுகள் அவை அமைத்த உலக ஆணையம் ஒன்று, 1987-இல் வெளியிட்ட தன் அறிக்கையில், வளர்ச்சி என்பது இன்றைய தலைமுறையின் தேவையை நிறைவு செய்வதாகவும், வரும் தலைமுறையின் தேவையைப் பறிக்காததாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை விளக்கியது. விதைக்கென வைத்த நெல்லைப் பசி வந்தபோதும் தொடாமல் காத்த நம் பாட்டிமார், எந்த அறிக்கையையும் படியாமலே இக்கருத்தை அறிந்திருந்தனர்.

இதனை ஓர் ஊரை முன்வைத்துக் காண்போம். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது ரெட்டியார்சத்திரம். வழிச் செல்வோர் தங்கி இளைப்பாறிய சத்திரத்தின் நினைவை அதன் பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது. ஊருக்கு அணித்தே கோபிநாதசாமி மலை. தென்மேற்கே பழனி மலைத்தொடர். மலை அருகிலிருப்பினும் சமவெளியில் மழை மிகுதி என்று கூறுதல் இயலாது. தென்மேற்குப் பருவக் காற்று தன் நீரின் பெரும்பகுதியை மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிடுகின்றது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையையே இந்நிலம் பெரிதும் நம்பியுள்ளது. குளமும் கிணறுமே உழவர்க்குத் துணை. பருத்தியும் சோளமும் மக்காச்சோளமும், முருங்கையும் பிற காய்கறிகளும் இவ்வட்டாரத்தில் விளைகின்றன. காய்கறிகள் ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சென்று, அங்கிருந்து கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் செல்கின்றன.

இத்தகைய நிலத்தில் உழவன் ஒரு தவறு செய்தால் அதனை ஈடுசெய்ய ஆறு ஓடி வாராது. கமலை கட்டி நீர் இறைத்த காலத்தில், மாடு இளைத்தால் இறைப்பும் நின்றது. கிணறு ஊறுவதற்கு ஓய்வு கிடைத்தது. மின்விசைப் பொறி வந்தபின் இளைப்பும் இல்லை; ஓய்வும் இல்லை. கிணறு வற்றியபோது ஆழ்துளைக் குழாய் இறங்கியது. அதுவும் வற்றியபோது மேலும் ஆழமாக மற்றொரு குழாய் இறங்கியது. ஒருவன் ஆழமாகத் துளைக்கத் துளைக்க, அடுத்த வயலில் உள்ளவன் கிணறு வறண்டது. இங்கே குற்றம் பொறியினுடையது அன்று. நிலத்தடியில் எவ்வளவு நீர் புகுகின்றது, எவ்வளவு வெளியேறுகின்றது என்னும் கணக்கை எவரும் கற்பிக்கவில்லை. எவரும் கற்கவும் இல்லை.

தண்ணீர் குறைவது ஒருபுறமாக, இருக்கும் தண்ணீர் கெடுவது மற்றொருபுறம். திண்டுக்கல் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தையும் நீரையும் கெடுத்தது பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கிற்று. வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல் மாவட்டத்துத் தொழிற்சாலைகளும் அத்தீர்ப்புள் அடங்கின. உப்பேறிய கிணற்றை மீண்டும் நன்னீர்க் கிணறாக்குதல் எத்துணை அரிது என்பதை அப்பகுதி உழவர் நன்கறிவர். மண்ணும் நீரும் கெடுவதற்குச் சில ஆண்டுகள் போதும். திருந்துவதற்குத் தலைமுறைகள் வேண்டும்.

இவ்விடத்து நாம் ஒருதலையாகப் பேசுதல் கூடாது. செயற்கை உரமும் புதிய விதையும் நாட்டுக்குக் கேடு செய்யவே வந்தன என்று கூறுவோர் உளர். அவர்கள் 1960-களின் நடுப்பகுதியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழை பொய்த்தது, நாட்டில் உணவு போதவில்லை, கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கி நாம் காத்திருந்தோம். அந்நிலையில் குட்டை வகைக் கோதுமையும் நெல்லும் உரமும் பாசனமும் சேர்ந்து விளைச்சலைப் பெருக்கின. கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த அறிவியலறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் அம்முயற்சியில் முன்நின்றவர். பசுமைப் புரட்சி என்று உலகம் அதனைப் போற்றியது. ஆயின், புகழ் பரவத் தொடங்கிய அந்த 1968-ஆம் ஆண்டிலேயே, காசியில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில் அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். மண்வளம் பேணாமல் ஓயாது பயிரிடுதலும், பூச்சிக்கொல்லியை வரைமுறையின்றித் தெளித்தலும், நிலத்தடி நீரைக் கணக்கின்றி எடுத்தலும், பல வகை விதைகளைக் கைவிட்டு ஒன்றையே நாடெங்கும் விதைத்தலும் பெருந்தீங்கு விளைக்கும் என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம். வெற்றி வந்த நாளிலேயே அதன் நிழலையும் கண்டு கூறியது சான்றோர் இயல்பு அன்றோ? அவர் 2023-இல் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்விகள் மறையவில்லை.

அவர் பெயரால் சென்னையில் 1988-இல் தோன்றிய ஆராய்ச்சி நிறுவனம், பின்னாளில் ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்துக் கன்னிவாடிப் பகுதியில் உழவரோடு சேர்ந்து பணியாற்றியது. அங்கே மகளிர் குழுவினர் மேற்கொண்ட ஒரு தொழிலை நீங்கள் அறிதல் நன்று. டிரைக்கோகிரம்மா என்பது கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஒரு சிறு குளவி. அது பயிரைத் தின்னும் புழுவின் தாய்ப்பூச்சி இட்ட முட்டைக்குள் தன் முட்டையை இடும். அதனால் புழு பிறப்பதற்கு முன்னரே அழிகின்றது. அரிசியைத் தாக்கும் அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இக்குளவியை வளர்த்து, அவ்வட்டைத் துண்டுகளை உழவர் தம் பயிர்களில் கட்டுவர். ஆய்வுக்கூடத்து அறிவியலைச் சிற்றூர்ப் பெண்கள் தம் கைத்தொழிலாக ஆக்கிக்கொண்டனர். பட்டம் பெறாதாரும் நுண்ணறிவியலைக் கற்றுத் தேர்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவ்வட்டாரத்தில் வேறு கல்விக் களங்களும் உண்டு. இந்தியாவும் இசுரேலும் சேர்ந்து மேற்கொண்ட திட்டத்தின்கீழ் அமைந்த காய்கறி மகத்துவ மையம் ரெட்டியார்சத்திரத்தில் உள்ளது. குழித்தட்டுகளில் நாற்று வளர்த்தல், நிழல்வலைக் குடிலில் பயிர் செய்தல், சொட்டுநீரோடு உரத்தையும் அளவாகச் செலுத்துதல் முதலியவற்றை அங்கே காணலாம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளப்பட்டிக்கு அருகே, காந்திகிராமம் உள்ளது. அதனைச் சௌந்தரம் அம்மையார் 1947-இல் தோற்றுவித்தார். கைத்தொழில் வழியே அறிவை வளர்க்கும் ஆதாரக் கல்வியை 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்தார். அந்நெறியைத் தழுவி வளர்ந்த நிலையம் காந்திகிராமம். அங்கே 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம் பின்னர்ப் பல்கலைக்கழக நிலை பெற்றது. அண்டை மாவட்டமாகிய கரூரில், கடவூர்ப் பகுதியில், இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் அமைத்த வானகம் உள்ளது. இவையனைத்தும் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவில் உள்ளன. பொருட்காட்சிக்கும் பூங்காவுக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் பள்ளிகள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லுதல் ஆகாதா?

இனி, இக்கருத்துக்கு எழும் தடைகளை ஒன்றொன்றாக ஆராய்வோம்.

“நாங்கள்தாம் மண்ணோடு மண்ணாகிப் போனோம், எங்கள் பிள்ளையாவது படித்து நல்ல வேலைக்குப் போகட்டும். பள்ளியிலும் மண்வெட்டியைக் கொடுக்கலாமா?” என்று பெற்றோர் கேட்பர். இக்கேள்வி வெறுப்பினால் எழுந்ததன்று. பட்ட துன்பத்தினால் எழுந்தது. அதனை மதித்தே விடை கூறல் வேண்டும். இதற்கு நம் நாட்டு வரலாறும் ஒரு பாடம் தருகின்றது. 1953-இல் அன்றைய சென்னை மாநிலத்தில், இராசாசி முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் சிறுவர்கள் தம் பெற்றோரின் தொழிலைப் பழகும்படி ஒரு திட்டம் வந்தது. அது பிறப்பினால் வந்த தொழிலிலேயே மக்களை நிறுத்திவிடும் என்று அஞ்சிய பலர் அதனைக் குலக்கல்வி எனக் கூறிக் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அவ்வெதிர்ப்பில் இருந்த நியாயத்தை நாம் மறத்தல் கூடாது. உழவன் மகனுக்கு மட்டும் உழவு, வணிகன் மகனுக்கு மட்டும் வணிகம் என்று பகுப்பது கல்வி ஆகாது. நான் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. உழவன் மகளும், வணிகன் மகனும், மருத்துவர் மகளும், அலுவலர் மகனும் ஒரே பாத்தியில் நின்று மண்ணை அறிதல் வேண்டும். எழுத்துக் கல்வியில் ஒரு நாழிகையும் குறைதல் கூடாது. எவரையும் உழவராக்குதல் இக்கல்வியின் நோக்கம் அன்று. உழவை அறியாத எவரும் நாட்டில் இராதபடி செய்வதே நோக்கம். நாளை நீங்கள் மாவட்ட ஆட்சியராகலாம், வங்கி மேலாளராகலாம், பொறியாளராகலாம், கடைக்குச் சென்று காய் வாங்கும் இல்லத்தலைவராகவும் ஆகலாம். உங்கள் ஒவ்வொருவர் முடிவும் எங்கோ ஓர் உழவனின் வயலைத் தொடும். குளத்தின் வரத்துக்கால் மேல் சாலை போடலாமா என்று முடிவு செய்பவர், நீர் எவ்வழியே வரும் என்பதை அறியாதவராக இருத்தல் நன்றோ?

“தேர்வுக்குரிய பாடங்களே மிகுதி; இதற்கு நேரம் ஏது?” என்பது இரண்டாம் தடை. உழவைத் தனியொரு பாடமாக ஏற்றினால் அது மற்றொரு மனப்பாடமாகிவிடும் என்பது உண்மையே. நம் மாநிலத்து மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் ஒரு பாடமாக உள்ளது. அது அப்பிரிவை எடுப்போர்க்கு மட்டும் உரியது. உயர்நிலை வகுப்புகளில் புதிய பாடம் தேவையில்லை. உள்ள பாடங்களே வயலுக்கு இறங்கி வருதல் போதும். தமிழாசிரியனாக 35 ஆண்டுகள் பணியாற்றிய நான் என் பாடத்திலிருந்தே ஒரு சான்று காட்டுவேன்.

திருக்குறளில் உழவு என்பது 104-ஆம் அதிகாரம். அதனை மாணவர் பிழையின்றி ஒப்பிப்பர். ஒருமுறை, நன்கு ஒப்பித்த மாணவன் ஒருவனிடம், “எரு என்பது எங்கிருந்து வருகின்றது?” என்று வினவினேன். “கடையிலிருந்து வருகின்றது, ஐயா” என்றான். வகுப்பு சிரித்தது. அவன்மீது குற்றம் இல்லை. அவன் கண்டதைக் கூறினான். திருவள்ளுவர் உழவைப் புகழ்ந்ததோடு நின்றாரல்லர். உழுதல், காயவிடல், எருவிடல், களையெடுத்தல், நீர் பாய்ச்சல், காத்தல் என்னும் முறைகளையும் அவ்வதிகாரத்தில் கூறினார். உழுத புழுதியை நன்கு உலரவிட்டால் எருவும் வேண்டாம் என்பது அவர் கூற்றுகளுள் ஒன்று. இதனைப் போற்றுதல் எளிது, மறுத்தலும் எளிது. சோதித்துப் பார்த்தலே மாணவர்க்கு அழகு. கோடையில் ஒரு பாத்தியை ஆழக் கொத்தி உலரவிடுங்கள். மற்றொன்றை அவ்வாறே விட்டுவிடுங்கள். மழை வந்தபின் இரண்டிலும் ஒரே விதையை ஒரே நாளில் விதையுங்கள். களை எதில் குறைவு, பயிர் எதில் செழிப்பு என்று எழுதி வையுங்கள். உலர்ந்த மண் நனையும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் விரைந்து செயற்பட்டுப் பயிருக்கு வேண்டிய சத்தை விடுவிக்கின்றன என்று இன்றைய அறிவியல் கூறும். ஆனால், ஆண்டுதோறும் எருவே இடாமல் அவ்வளம் நீடிக்குமா? அதனையும் பாத்தியே கூறட்டும். இவ்வாறு பயின்ற மாணவன் குறளை மறவான், உழவையும் மறவான்.

மூன்றாம் தடை, “பள்ளியில் நிலம் இல்லை” என்பது. ஒரு சென்ட் நிலம் போதும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று மிகுதி. ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அச்சிறு நிலம் எத்தனை பாடங்களைக் கற்பிக்கும் என்பதைக் கூறுகின்றேன்.

முதலாவது, நீர்க்கணக்கு. ஒரு மழைமானியை நட்டு நாள்தோறும் காலையில் அளவைக் குறியுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சென்ட் நிலத்தில் 40 லிட்டர் நீர் விழும். 25 மில்லிமீட்டர் மழை 1,000 லிட்டர் தரும். கோடை வெயிலில் நன்கு வளர்ந்த பயிரும் அதன் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீரைக் காற்றுக்கு விடும். அஃதாவது ஒரு சென்டுக்கு 200 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் மழை முழுவதும் மண்ணில் தங்கினும் ஐந்து நாளுக்கே போதும். இக்கணக்கைத் தன் கையால் போட்ட மாணவன், வீட்டுக் கிணற்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழி நம் ஊர் மழைக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதையும் சில ஆண்டுக் குறிப்புகள் காட்டிவிடும்.

இரண்டாவது, மண்ணை அறிதல். கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மண்ணும் மீதி நீரும் இட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் படியும். வண்டல் சிறிது நேரம் கழித்துப் படியும். களி ஒரு நாளாயினும் நீரைக் கலங்கச் செய்துகொண்டிருக்கும். செம்மண் ஏன் விரைவில் காய்கின்றது, கரிசல் ஏன் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது என்பது அப்போது விளங்கும்.

மூன்றாவது, உரக்கணக்கு. 45 கிலோ எடையுள்ள யூரியா மூட்டை ஒன்றில் நைட்ரசன் சத்து ஏறக்குறைய 20 கிலோ உண்டு. நன்கு மட்கிய தொழுவுரத்தில் அச்சத்து நூற்றில் அரைப் பங்கே இருக்கும். எனவே, ஒரு மூட்டை யூரியாவின் நைட்ரசனைத் தொழுவுரத்தால் தர, ஏறக்குறைய 4,000 கிலோ வேண்டும். வீட்டில் இரண்டு மாடுகளும் இல்லாத உழவன் அதற்கு எங்கே செல்வான்? மறுபுறம், தொழுவுரம் மண்ணின் உயிர்களுக்கு உணவாகின்றது. மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைக் காக்கின்றது. இவற்றை யூரியா செய்யாது. இரு பக்கத்தையும் அறிந்த மாணவன், கொளுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றை வளர்த்து மடக்கி உழுவதன் பொருளை உணர்வான். தட்டைப்பயற்றுச் செடி ஒன்றை வேரோடு மெல்லப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தோன்றும். அதனை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைட்ரசனைப் பயிருக்கு உணவாக்கும் நுண்ணுயிர்களின் தொழிற்சாலை அது.

நான்காவது, பூச்சிகளைப் பகுத்தறிதல். பூச்சியெல்லாம் பகை என்று எண்ணுவோர்க்கு மருந்துக் கடையே கதி. பொறிவண்டும் சிலந்தியும் தட்டானும் குளவியும் பயிரின் காவலர். கண்ட பூச்சியைப் படம் வரைந்து, அது எதனைத் தின்கின்றது என்று எழுதுதல் அறிவியலும் ஆகும், ஓவியமும் ஆகும்.

ஐந்தாவது, வரவு செலவுக் கணக்கு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. அதனைக் கூறிச் சிரிப்பதோடு நில்லாமல், ஏன் மிஞ்சவில்லை என்று பார்த்தல் வேண்டும். விதை, எரு, நீர், உழைத்த நேரம் ஆகியவற்றின் விலையை எழுதுங்கள். விளைந்த காயின் சந்தை விலையையும், உழவன் கைக்கு வரும் விலையையும், கடையில் நாம் கொடுக்கும் விலையையும் அருகருகே எழுதுங்கள். பெற்றோர் பட்ட துன்பத்தின் காரணம் அவ்வேட்டில் தெளிவாகும். மண்ணின் வளத்தைக் காக்கும் உழவன் தானும் வாழ இயலாவிடின் அவ்வேளாண்மை நிலைத்ததாகாது. விளைந்த காயையும் கீரையையும் மதிய உணவுக்கூடத்துக்குக் கொடுங்கள். தாம் விளைத்ததைத் தாமே உண்ணும் இன்பம் மதிப்பெண்ணால் அளக்கத்தக்கதன்று.

இவையெல்லாம் தண்டனையாகவோ, கூலியில்லா வேலையாகவோ மாறிவிடாமல் ஆசிரியர் காத்தல் வேண்டும். தாமதமாக வந்தவனைத் தோட்டத்தில் களை பறிக்க அனுப்பும் பள்ளி, உழவு இழிதொழில் என்பதையே கற்பிக்கின்றது. ஆண்பிள்ளைகள் கொத்த, பெண்பிள்ளைகள் பெருக்க எனப் பிரித்தலும் ஆகாது. நடவு முதல் களையெடுப்பு வரை நம் வயல்களில் பெரும்பணி செய்வோர் பெண்களே அல்லரோ? ஆசிரியரும் ஊர் உழவரை, சிறப்பாக முதியோரை, வகுப்புக்கு அழைத்து வந்து இருக்கை தந்து அமர்த்தி, அவர் கூறுவதை மாணவர் எழுதிக்கொள்ளும்படி செய்தல் வேண்டும்.

பொறுமையும் இக்கல்வியின் ஒரு பகுதி. கோயம்புத்தூரில், இன்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ள இடத்தில், 1909-இல் தொடங்கிய உரச் சோதனை வயல் ஒன்று உண்டு. எருவிட்ட பகுதி, செயற்கை உரமிட்ட பகுதி, ஒன்றும் இடாத பகுதி எனப் பகுத்து, அங்கே விளைச்சலையும் மண்ணின் நிலையையும் பதிவு செய்து வந்தனர். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843 முதல் அத்தகைய சோதனை நடந்து வருகின்றது. தொடங்கியவர் மறைந்தனர்; பதிவேடு தொடர்ந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் ஒரு சென்ட் நிலத்துக்கு இத்தகைய பதிவேடு வைத்தால், ஒரு வகுப்பு விட்ட இடத்திலிருந்து அடுத்த வகுப்பு தொடரும். இருபது ஆண்டுகளில் அவ்வூர் மண்ணைப் பற்றி அவ்வூர்ப் பள்ளியைவிட நன்கறிந்தார் எவரும் இரார்.

கல்வி முன்னே செல்லாமல் ஆணை மட்டும் முன்னே சென்றால் யாதாகும் என்பதற்கு நம் அண்டை நாடு ஒரு சான்று. இலங்கை அரசு 2021-ஆம் ஆண்டு, ஏப்ரல், மே மாதங்களில், செயற்கை உரத்தின் இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. உழவர்க்கு மாற்று முறையில் பயிற்சியும் இல்லை. போதிய எருவும் இல்லை. நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது, தேயிலையும் தாழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடையின் பெரும்பகுதியைத் தளர்த்த நேர்ந்தது. சிக்கிம் மாநிலமோ 2003-இல் இயற்கை வேளாண்மையைத் தன் கொள்கையாக அறிவித்து, செயற்கை உரத்தைப் படிப்படியாகக் குறைத்து, உழவரைப் பழக்கி, ஏறக்குறைய 75,000 எக்டேர் நிலத்தில் அதனை நடைமுறையாக்கி, 2016-இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பெற்றது. மலை மாநிலத்தின் வழி சமவெளிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் கூறவில்லை. சிக்கிம் உழவர்க்குக் கற்றுக்கொள்ளக் காலம் கிடைத்தது. இலங்கை உழவர்க்கு அது கிடைக்கவில்லை என்பதே நாம் நோக்கத்தக்கது. தமிழ்நாடு அரசும் 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்டுள்ளது. கொள்கை தாளில் உள்ளது. அது வயலுக்குச் செல்லும் வழி பள்ளியின் வாயிலாகச் செல்லுதல் நலம்.

எனவே, ஆசிரியர் முழக்கங்களைக் கற்பித்தல் ஆகாது. பழையதெல்லாம் பொன் என்பதும் முழக்கம். புதியதெல்லாம் நஞ்சு என்பதும் முழக்கம். அளந்து பார்த்து, எழுதி வைத்து, மாறுபட்டதை ஒப்புநோக்கி முடிவுக்கு வரும் பழக்கமே நிலைத்த வேளாண்மையின் முதல் விதை. அப்பழக்கம் பதினைந்து வயதில் ஊன்றினால் வாழ்நாள் முழுவதும் வளரும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் உழவராவீர். பலர் வேறு தொழில் மேற்கொள்வீர். எத்தொழில் மேற்கொள்ளினும் நாளொன்றுக்கு மூன்றுமுறை நீங்கள் மண்ணின் விருந்தினரே. விருந்தினர் தம்மை ஊட்டியவரின் நலம் வினவுதல் தமிழர் மரபு. உங்கள் பள்ளிச் சுவரின் ஓரத்தில் ஒரு சென்ட் நிலம் வெறுமையாகக் கிடப்பின், வரும் மழைக்கு முன் அதனைக் கொத்திவிடுங்கள். அருகே ஒரு மழைமானியை நடுங்கள். ஒரு குறிப்பேட்டில் நாளும் அளவும் எழுதத் தொடங்குங்கள். முதற்பக்கத்தை நீங்கள் எழுதுங்கள். அடுத்த பக்கத்தை உங்கள் தம்பியரும் தங்கையரும் எழுதுவர்.